மரக்காணத்தில் அரை நாள்

உங்கள் நிலப்பட நூலை எடுத்து, வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே உள்ள கரிபியன் கடலைத் தேடிப் பாருங்கள். சிறு சிறு தீவுகள் வளைந்த மாலைபோல் கிடக்கும் கடல் அது. பெரிய சுற்றுலாக் கப்பல்கள் அங்கே தீவுக்குத் தீவு சென்றுகொண்டிருக்கின்றன. காலையில் ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்கும். பயணிகள் இறங்கி அரை நாள் கடற்கரையைச் சுற்றிப் பார்ப்பார்கள். குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். பிந்தி வருபவருக்காகக் கப்பல் காத்திருக்காது.

அத்தீவுகளுள் ஒன்றின் பெயர் பொனேர். வெனிசுலா நாட்டுக்கு வடக்கே உள்ளது. அங்கே இறங்கும் பயணிகளை ஒரு விந்தையான இடத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். வெள்ளை வெளேரென்று கூம்பு கூம்பாக உப்பு மலைகள், அவற்றை அடுத்து இளஞ்சிவப்பு நிறத்தில் நீர் நிறைந்த பாத்திகள், தொலைவில் பூநாரைகள். ஆம், அவர்கள் பார்க்கப் போவது உப்பளம்!

உப்பளத்தைக் காண நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஏறத்தாழ 120 கிலோமீட்டரில், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து வந்தால் சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆயிரக்கணக்கான ஏக்கர் உப்பளம், உப்பங்கழி, கடற்கரை மூன்றும் ஒன்றையடுத்து ஒன்றாக அங்கே உள்ளன. உங்கள் அறிவியல் ஆசிரியருடன் அரை நாள் சென்றுவர இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

நமக்கும் ஒரு காலக்கெடு உண்டு. அதை விதிப்பது கப்பல் தலைவர் அல்லர்; சூரியன். காலை 6 மணிக்குக் கடற்கரையில் இருக்க வேண்டும். 11 மணிக்கு வெயிலை விட்டு வெளியேறிவிட வேண்டும். ஏன் என்பதைப் போகப் போகத் தெரிந்துகொள்வோம்.

புறப்படும் முன்

பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இப்பயணத்துக்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, உப்பு விளைச்சல் தொடங்கியிருக்கும். வெயிலும் இன்னும் கொடுமையாக இராது. ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், தொப்பி அல்லது குடை, முழுக்கைச் சட்டை, தடித்த செருப்பு ஆகியவை கட்டாயம் வேண்டும். இவற்றுடன் ஒரு காந்தம், ஒரு அளவுகோல், மூன்று நான்கு குச்சிகள், ஒரு குறிப்பேடு, வாயை மூடக்கூடிய இரண்டு கண்ணாடிப் புட்டிகள் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பளங்கள் பலருடைய பிழைப்புக்கான நிலம். ஆகவே உள்ளே செல்ல முன்கூட்டியே அனுமதி கேட்டு வைக்குமாறு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

காலை 6 மணி: காற்றும் மணலும்

கடற்கரைக்கு வந்ததும் முதலில் காற்றைக் கவனியுங்கள். ஒரு பிடி உலர்ந்த மணலை மேலிருந்து மெல்ல விடுங்கள். அது கடலை நோக்கிச் சாய்ந்தால், காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது என்று பொருள். இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. கடல் அவ்வளவு விரைவில் குளிர்வதில்லை. கடலின் மேலுள்ள வெப்பமான காற்று எழும்ப, நிலத்துக் காற்று அந்த இடத்தை நோக்கி நகர்கிறது. பாய்மரக் காலத்தில் மீனவர் விடியலுக்கு முன் புறப்பட இந்த நிலக்காற்றே துணை. பகலில் நிலைமை மாறி, பெரும்பாலும் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும்.

அடுத்து, அலைகள் ஏறி வந்து நிற்கும் உச்சக் கோட்டில் ஒரு குச்சியை நடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அலை சற்று அதிகமாக ஏறும், ஒன்று குறைவாக ஏறும். எனவே ஐந்து நிமிடம் பார்த்து, மிக உயர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை இவ்வாறே செய்தால், ஓதம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைக் குச்சிகளே காட்டிவிடும். நம் கிழக்குக் கரையில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த இறக்கத்துக்கும் இடையே சற்றேறக்குறைய 6 மணி 12 நிமிடம். ஆகையால் உங்கள் அரை நாளுக்குள் ஓர் ஏற்றத்தையோ இறக்கத்தையோ பெருமளவு பார்த்துவிடலாம். மறுநாள் இதே நிலை 50 நிமிடம் பிந்தி வரும். நிலவும் அவ்வளவே பிந்தி உதிக்கிறது என்பது நினைவிருக்கிறதா?

இனிக் காந்தத்தைத் தாளில் சுற்றி மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் சில ஒட்டிக்கொண்டு வரும். வெண்மையாய் மின்னும் குவார்ட்சு மணலுக்கு நடுவே மேக்னடைட்டு போன்ற கனமான கனிமங்களும் இருப்பதே காரணம். மலைப்பாறைகள் சிதைந்து ஆறுகளால் கடலுக்கு வந்து, அலைகளால் கரையோரம் பகிர்ந்தளிக்கப்பட்ட மணல் இது.

மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதால், மணல் கரையோரமாகவே பயணம் செய்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிச் செல்வதே அதிகம். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் நிலத்தை அரித்தது. 1980-களின் இறுதியில் புதுச்சேரியில் அலைத்தடுப்புச் சுவர் கட்டப்பட்டதும் இதே கதைதான்: அதற்கு வடக்கே நகரத்தின் மணற்கரை மறைந்து, கற்களே மிஞ்சின. நீங்கள் நிற்கும் மணல் வழிப்போக்கன் என்பதை நினைவில் வையுங்கள்.

மணலில் விரல் அகலத் துளைகளைக் கண்டால் அவை நண்டு வளைகள். டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல் கடலிலிருந்து மேலேறித் திரும்பும் தடம் தென்பட்டால், அது இரவில் முட்டையிட வந்த பங்குனி ஆமையின் தடமாக இருக்கலாம். அதன் அருகே தோண்டவோ மிதிக்கவோ கூடாது.

அமைதியான நீர்தான் ஆபத்து

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். உங்களில் பலருக்கும் கடலில் இறங்க ஆசை வரும். படங்களில் பார்க்கும் கரிபியன் கடற்கரைகள் பலவற்றில் நீர் குளம்போல் இருக்கும். பொனேரின் மேற்குக் கரை காற்றுக்கு மறைவானது, பவளப்பாறை சூழ்ந்தது. மரக்காணத்துக் கரை அப்படிப்பட்டதன்று. வங்கக் கடலின் அலை, நடுவே தடுப்பு எதுவுமின்றி நேராக வந்து மோதும் திறந்த கரை இது.

சற்று உயரமான மணல் மேட்டில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் வெள்ளை நுரையுடன் வரிசையாக உடைகின்றன. இடையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் சற்றுக் கருத்தோ கலங்கியோ காணப்படலாம். "அங்கேதான் அலையே இல்லை, அங்கே குளிப்போம்" என்று தோன்றும். தவறு! பலரின் உயிரைக் குடித்தது இந்த எண்ணம்தான்.

அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர் எப்படியாவது கடலுக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? கரைக்குச் சற்று அப்பால், நீருக்கடியில் மணல் திட்டுகள் இருக்கின்றன. அத்திட்டுகளில்தான் அலை உடைகிறது. இரண்டு திட்டுகளுக்கு இடையே ஆழமான வாய்க்கால் ஒன்று இருந்தால், தேங்கிய நீர் முழுவதும் அதன் வழியே கடலுக்குள் பாயும். ஆழம் அதிகமாதலால் அங்கே அலை உடைவதில்லை. ஆகவே பார்வைக்கு அமைதி, உள்ளே இழுப்பு. இந்த இழுப்பு நீரோட்டத்தின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டரையும் தாண்டக்கூடும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துபவர், நன்கு நீந்தத் தெரிந்தவராயினும், விரைவில் களைத்துவிடுவார். அந்தக் களைப்புதான் அவரை மூழ்கடிக்கிறது.

இந்த நீரோட்டம் யாரையும் கீழே இழுப்பதில்லை. வெளியே கொண்டு செல்கிறது. அதன் அகலமும் பெரும்பாலும் சில பத்து மீட்டருக்குள்தான். எனவே அகப்பட்டுக்கொண்டால் பதற வேண்டாம். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த முடிந்தால் கரையை நோக்கி அன்றி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் அலைகள் உடையும் பக்கமாகக் கரை சேர வேண்டும். கரையில் இருப்பவர்கள் அவரைக் காப்பாற்றக் குதிக்கக் கூடாது. ஒருவருக்காகக் குதித்து இருவர், மூவர் இறந்த நிகழ்ச்சிகள் பல. மூடிய காலி நீர்க்குடம், கயிறு, மிதவை எது கிடைத்தாலும் வீசி எறியுங்கள், மீனவரைக் கூவி அழையுங்கள், 108-க்குச் சொல்லுங்கள்.

இந்தப் பயணத்துக்கு விதி எளிது: கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்க வேண்டாம். திட்டுகளும் வாய்க்கால்களும் நாளுக்கு நாள் இடம் மாறுகின்றன. ஆகையால் "போன முறை இங்கே குளித்தோமே" என்பதும் செல்லாது. இன்னொன்று: நிலம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக வெகுதூரம் உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேட்டுநிலத்துக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரைக்குக் கற்பித்த பாடம் இது.

காலை 8 மணி: உப்பளத்தில்

கடற்கரையிலிருந்து உப்பளத்துக்கு வருவோம். புட்டி ஒன்றில் கடல்நீரை நிரப்பிக்கொண்டீர்களா? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. "உப்புகள்" என்று பன்மையில் சொன்னதைக் கவனியுங்கள். அதில் நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். மீதியில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள் இருக்கின்றன. இவற்றுள் நமக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி? உப்பளம் அதற்கென்றே அமைந்த ஒரு பெரிய வேதியியல் கூடம்.

உவர்நீர் முதலில் பெரிய தேக்கப் பாத்திகளில் நிற்கிறது. அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திகளைக் கடந்து வருகிறது. ஒவ்வொன்றிலும் வெயில் கொஞ்சம் நீரைக் குடிக்க, நீர் மேலும் மேலும் செறிவடைகிறது. எந்த உப்பு குறைவாகக் கரையக்கூடியதோ அது முதலில் படியும். தொடக்கத்தில் கால்சியம் கார்பனேட்டு. நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும் நிலையில் ஜிப்சம். பத்தில் ஒரு பங்கு ஆகும்போதுதான் சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்குகிறது. அந்த நிலைக்கு வந்த நீரைத்தான் கடைசிப் பாத்திகளுக்குள் விடுகிறார்கள்.

இப்பாத்திகளின் தரையைப் பாருங்கள். களிமண்ணை நீர்விட்டுக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். நீர் கீழே கசிந்தால் உழைப்பெல்லாம் வீண். மண் இளகினால் உப்பில் அழுக்கு சேரும். ஆகையால் வரப்பிலேயே நடங்கள். பாத்திக்குள் கால் வைக்காதீர்கள்.

எல்லா நீரும் வற்றும்வரை விட்டுவிட்டால் என்ன? கடைசியில் மக்னீசியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட்டு ஆகியவையும் சேர்ந்து படிந்து உப்பு கசக்கும். எனவே உப்பு படிந்ததும் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். எப்போது வெளியேற்றுவது என்பதை அறியப் பாமே மானி என்ற கண்ணாடிக் கருவி உதவுகிறது. நீர் செறிவாக இருக்க இருக்க அது உயர்ந்து மிதக்கும். கடல்நீரில் அது ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். 25-ஐ ஒட்டி உப்பு படியத் தொடங்கும். 29-ஐ எட்டுமுன் நீரை மாற்றிவிட வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் நீரின் நிறத்தையும் மேலே படரும் உப்பு ஏட்டையும் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

உப்பு விளையும் நேரம்

விடியற்காலையில் பாத்தியிலிருந்து நீர் ஆவியாகுமா? அநேகமாக இல்லை. காரணம் சுவையானது. உப்பு முழுமையாகக் கரைந்து நிறைந்த நீரில், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் நீர் ஆவியாகும். அதற்கு மேல் இருந்தால் உப்புநீர் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும்! கடலோரத்தில் அதிகாலைக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 75-ஐத் தாண்டியே இருக்கிறது. வெயில் ஏறி, காற்று சூடாகி, ஈரப்பதம் இறங்கிய பிறகே உப்பு விளையத் தொடங்குகிறது. மேற்கிலிருந்து வரும் உலர்ந்த கோடைக்காற்று உப்பளத்துக்கு உற்ற நண்பன்.

வீட்டில் கல்லுப்பு மழைக்காலத்தில் கசிவதற்கும் இதுவே காரணம். அதில் கசப்பு நீரின் மக்னீசியம் குளோரைடு சிறிது ஒட்டியிருந்தால், இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கிவிடும்.

சூரியன் செய்யும் வேலை எவ்வளவு தெரியுமா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் ஆவியாவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு அது 5 லிட்டர், அதாவது 5,000 கிராம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். பெருக்கினால் 29 இலட்சம் கலோரி. மின்சாரக் கணக்கில் மூன்று யூனிட்டுக்கு மேல். ஒரு ஏக்கருக்கோ 13,000 யூனிட்டைத் தாண்டும்! விறகோ நிலக்கரியோ கொண்டு இவ்வளவு நீரை வற்றவைக்க வேண்டுமானால், உப்பு பொன்விலை விற்கும்.

செந்நிற நீரும் பறவைகளும்

இவ்வளவு உப்பில் உயிர்கள் வாழுமா? வாழ்கின்றன. செறிந்த பாத்திகளில் சில வேளை நீர் செந்நிறமாகத் தோன்றும். டுனாலியெல்லா என்ற நுண்பாசியும், உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் நிறம் அது. கடுமையான ஒளியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அப்பாசி கரோட்டின் நிறமியைச் சேர்த்துவைக்கிறது. காரட்டுக்கு நிறம் தருவதும் அதே இனத்து நிறமிதான். பாசியை ஆர்ட்டீமியா என்ற சிறு இறாலினம் உண்கிறது. இவற்றை உண்ணும் பூநாரையின் இறகும் இளஞ்சிவப்பாகிறது. பொனேர் தீவில் நாம் கண்ட மூன்று காட்சிகளும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது இப்போது விளங்குகிறதா?

மரக்காணத்தை ஒட்டியுள்ள கழுவெளி உவர்நீர் ஏரிக்குக் குளிர்காலத்தில் பூநாரை உட்பட ஏராளமான பறவைகள் வருகின்றன. 2021-ஆம் ஆண்டு அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

உப்பை வாரும் கைகள்

சூரியனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பாத்தியில் படிந்த உப்பு தானே கரையேறாது. விடியலுக்கு முன்பே வந்து, நீண்ட கோலில் பொருத்திய பலகையால் உப்பை வாரிச் சேர்ப்பவர்களைப் பாருங்கள். பின்னர் அதைத் தலையில் சுமந்து சென்று மேட்டில் குவிக்கிறார்கள். அவர்களில் பெண்கள் பலர்.

அவர்கள் படும் துன்பத்துக்கும் அறிவியல் விளக்கம் உண்டு. நம் உடல் வியர்வை ஆவியாவதால் குளிர்கிறது. கிராமுக்கு 580 கலோரி என்ற அதே கணக்குத்தான். ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. உடல் வெப்பம் இறங்குவதில்லை. வெண்ணிற உப்பும் நீரும் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் ஒளி மேலிருந்து மட்டுமன்றிக் கீழிருந்தும் கண்ணைத் தாக்குகிறது. தலையில் கட்டிய துணியால் அதைத் தடுக்க முடியாது. செறிந்த உப்புநீரில் நாள் முழுதும் நிற்கும் கால்களில் வெடிப்பும் புண்ணும் உண்டாகின்றன. உப்பு நன்கு விளையும் வெயில்தான் உடலை மிகவும் வாட்டும் வெயில். உங்களை 11 மணிக்கு வெளியேறச் சொல்லும் அறிவியல், அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் பிழைப்பு அவர்களை அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

மழைக்காலத்திலோ வேலையே இல்லை. ஒரு பெருமழை போதும், மாதக்கணக்கில் செறிவாக்கிய நீர் மீண்டும் வெறும் தண்ணீராகிவிடும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பாத்தியை மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்துவதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

இந்த உழைப்பு மிகப் பழமையானது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணரைச் சங்கப் பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன. பின்னாளில் காக்கிநாடாவிலிருந்து சென்னை வழியாக இப்பகுதி வரை வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயில் உப்பு படகேறிச் சென்றது. பொனேர் தீவிலோ உப்பு வாரியவர்கள் அடிமைகள். அவர்கள் தங்குவதற்காக 1850-ஆம் ஆண்டு கட்டப்பட்ட கற்குடில்கள், ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில், இன்றும் கடலோரம் நிற்கின்றன. டச்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1863-இல்தான் ஒழிந்தது. சுற்றுலாப் பயணிகள் அக்குடில்களையும் பார்த்துவிட்டே கப்பலேறுகிறார்கள்.

காலை 11 மணி: திரும்பும் நேரம்

போதும், குச்சிக் கணக்கையும் காற்றின் திசையையும் ஒரு முறை சரிபார்த்துக்கொண்டு வண்டி ஏறுங்கள். தலைவலி, மயக்கம், குமட்டல் யாருக்கேனும் இருந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலை ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். தெளிவாக இருப்பவருக்குத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

வண்டி நகரும்போது ஒரு முறை திரும்பிப் பாருங்கள். வெயில் ஏறிவிட்டது, காற்றின் ஈரம் இறங்கிவிட்டது, பாத்திகளில் உப்பு விளையத் தொடங்கியிருக்கும். அங்கே சிலர் இன்னும் நின்றுகொண்டிருப்பார்கள். இன்று மதியம் உங்கள் இலையோரத்தில் வைக்கும் உப்பு அவர்கள் வாரியது.

வீட்டில் செய்து பாருங்கள்

1. ஒரு கண்ணாடித் தம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் விட்டு, கெடாத கோழிமுட்டை ஒன்றை மெல்ல இடுங்கள். மூழ்கும். முட்டையை எடுத்துவிட்டு உப்பை ஒவ்வொரு தேக்கரண்டியாகக் கரைத்து, ஒவ்வொரு முறையும் முட்டையை இட்டுப் பாருங்கள். எத்தனையாவது கரண்டியில் மிதக்கிறது? பாமே மானி வேலை செய்யும் முறையும் இதுவே. நீங்கள் கொண்டுவந்த கடல்நீரில் முட்டை மிதக்குமா? முதலில் ஊகித்து எழுதிவிட்டுச் சோதியுங்கள்.

2. ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளில், ஒன்றில் 200 மில்லிலிட்டர் நல்ல தண்ணீரும், மற்றதில் அதே அளவு செறிந்த உப்புநீரும் விட்டு வெயிலில் வையுங்கள். எது முதலில் வற்றுகிறது? ஏன்?

3. உப்புத் தட்டில் படிந்த படிகங்களை உருப்பெருக்கியில் பாருங்கள். அவை என்ன வடிவில் உள்ளன? மெதுவாக வற்றவிட்டால் படிகம் பெரிதாகிறதா, சிறிதாகிறதா? நிழலில் ஒரு தட்டும் வெயிலில் ஒரு தட்டும் வைத்து நீங்களே கண்டுபிடியுங்கள்.